விளக்கு எரிகிறது, வண்டியை வாங்கலாமா?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டு ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து 4 கிலோமீட்டர் மண் பாதை, அதன் கடைசியில் செங்குத்தாக ஒரு ஏற்றம். மழை மாதங்களில் அவருடைய கார் அந்த ஏற்றத்தில் சறுக்குகிறது. கீழேயே நிறுத்திவிட்டு நடந்து போகிறார். இப்போது 22 வருடப் பழைய டீசல் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. லிவர் போட்டு நான்கு சக்கர இழுவைக்கு மாற்றுகிற பழைய ரகம். மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். போன வருடம்தான் இன்ஜின் வேலை பார்த்ததாம். புது பெயின்ட், அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புக் கோட்டிங். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் பழையது, அளவும் கொஞ்சம் வேறு. விற்பவர் அலுவலக நண்பருக்குச் சொந்தக்காரர்.

ஓட்டிப் பார்த்தபோது ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பியிருக்கிறது. லிவரை 4எச்-க்கு, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலைக்குத் தள்ளியதும் டேஷ்போர்டில் விளக்கு எரிந்திருக்கிறது. ஆனால் தார் ரோட்டில் அப்படியே வண்டியைத் திருப்பியபோது, யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல இறுகியதாம். "ரொம்ப நாள் ஓடாத வண்டி, ஓட்ட ஓட்டச் சரியாகிடும்" என்றிருக்கிறார் விற்பவர். இன்னொரு பார்ட்டி தயாராக இருப்பதால் இந்த வாரக் கடைசிக்குள் அட்வான்ஸ் வேண்டுமாம். மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வாங்கினால் பாதுகாப்புக்காக எப்போதும் 4எச்-லேயே ஓட்டப்போவதாகவும், குறைவாகவே ஓட்டப்போவதால் வருடம் ஒரு சர்வீஸ் போதும் என்று நினைப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டியை வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் பயந்த விஷயம் உண்மையில் நல்ல அறிகுறி. நீங்கள் நம்பிய இரண்டு மூன்று விஷயங்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. அதிகம் உறுத்துவது அந்தக் கறுப்புக் கோட்டிங்.

முதலில் சேஸிஸ், அப்புறம்தான் இன்ஜின்

பழைய கார் வாங்கும்போது எல்லோரும் பானெட்டைத்தான் முதலில் திறக்கிறார்கள். காருக்கு அது சரியாக இருக்கலாம். இந்த மாதிரி வண்டியில் பாடி தனி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் தனி. இன்ஜின் கெட்டால் செலவு செய்து சரிபண்ணலாம், இல்லையென்றால் வேறு இன்ஜின் மாற்றலாம். கியர் பாக்ஸும் அப்படித்தான். சேஸிஸ் உள்ளிருந்து அரித்துப்போனால் வண்டியின் கதை அதோடு முடிந்தது. அதற்கு மேல் எத்தனை புதுப் பொருள் போட்டாலும் வீண்.

சட்டம் பெட்டி வடிவத்தில் உள்ளே வெற்றிடமாக இருக்கும். சேறும் தண்ணீரும் ஓட்டைகள் வழியாக உள்ளே போய்த் தங்கி, துரு உள்பக்கத்திலிருந்து வெளியே வரும். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும். அதன் மேல் தடிமனாகக் கறுப்புக் கோட்டிங் அடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. நல்ல சேஸிஸைக் காப்பாற்ற கோட்டிங் அடிப்பவர்களும் உண்டு. விற்பதற்குச் சற்று முன்னால் பூசி மெழுகுபவர்களும் உண்டு. எது என்று கண்டுபிடிக்க வண்டியை லிஃப்டில் ஏற்ற வேண்டும், அல்லது பட்டறைக் குழிமேல் நிறுத்த வேண்டும்.

ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு காந்தம் போதும். சட்டத்தின் நீளம் முழுக்க லேசாகத் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று தெளிவாக ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் செத்து 'டப்' என்று விழும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் செதில் உதிரும், சில சமயம் முனையே உள்ளே இறங்கிவிடும். கோட்டிங் வழியாகவும் காந்தம் பிடிக்கும். பிடிக்காத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டியோ ஃபைபரோ வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: பின் ஆக்ஸிலுக்கு மேலே சட்டம் வளைந்து எழும் இடம், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தாங்கிகள், முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறு அடைகிற மூலை, பாடியைச் சட்டத்தோடு பிணைக்கும் இடங்கள். வெல்டிங் ஒட்டு தெரிந்தால் எதற்காக, எப்போது செய்தது என்று கேளுங்கள். கோட்டிங்கைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கூடவே ஒரு வேலை. முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உருளைக்குள் சுருண்டு கிடக்கிற பகுதியில் மண் கோடு, பழுப்புக் கறை இருந்தால் அந்த வண்டி எப்போதோ வெள்ளத்தில் நின்றிருக்கிறது. சீட்டைக் கழுவலாம், கார்ப்பெட்டை மாற்றலாம், பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளின் துருவும் இதே கதையைச் சொல்லும்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

பல வண்டிகளில் அந்த 4எச் விளக்குக்கான சுவிட்ச், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும். லிவர் நகர்ந்தது என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. இழுவை முன் சக்கரம் வரை போய்ச் சேர வேண்டுமானால் இழுவையைக் கடத்தும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் முன் டிஃபரன்ஷியல், ஆக்ஸில், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் என்று ஒவ்வொன்றும் வேலை செய்ய வேண்டும். சில வண்டிகளில் ஹப்பைக் கையால் திருப்பி லாக் செய்ய வேண்டும். சிலவற்றில் அது தானாக லாக் ஆகும். இன்னும் சிலவற்றில் காற்றை உறிஞ்சும் வேக்குவம் குழாய் வழியாக முன் ஆக்ஸில் இணையும், அந்த ரப்பர் குழாய் 20 வருடத்தில் வெடித்திருக்கும். அப்போது விளக்கு ஜோராக எரியும், முன் சக்கரம் சும்மா உருளும்.

உங்கள் விஷயத்தில் நல்ல சேதி, தார் ரோட்டில் நீங்கள் உணர்ந்த அந்த இறுக்கம்தான். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடியாக வேண்டும். இந்த ரகத்தில் 4எச் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க ஒரு டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது, அதனால் முறுக்கம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்களிலும் செயினிலும் ஏறி உட்காரும். ஆக, உங்கள் வண்டியில் இழுவை முன்னால் போய்ச் சேருகிறது என்றுதான் தோன்றுகிறது. ஓடாமல் கிடந்ததால் வந்த இறுக்கம் இல்லை இது. ஓட்ட ஓட்டச் சரியாகவும் ஆகாது, அப்படி ஓட்டினால் உடைந்துதான் நிற்கும். விற்பவர் உங்களை ஏமாற்றச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கே இந்த வண்டியைப் பற்றித் தெரியவில்லை. அதுவும் யோசிக்க வேண்டியதுதான், ஏனென்றால் அவரும் இத்தனை நாள் தாரிலேயே 4எச் போட்டு ஓட்டியிருக்கலாம்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. சமதளத்தில் 4எச் போட்டு சில அடி நகர்த்தி, இன்ஜினை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஒரே ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் சுற்றிப் பாருங்கள். இணைப்பு முழுதாக இருந்தால் அந்தச் சக்கரம் சிறு ஆட்டம் ஆடி நின்றுவிடும், சுற்றாது. தாராளமாகச் சுற்றினால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச்-க்கு மாற்றினால் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள். சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் தேய்மானமும் தெரிந்துவிடும்.

4எல் போட்டுப் பார்த்ததாக நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்கு வேண்டியதே அதுதான். இழுவையை ஏறக்குறைய 2 மடங்கோ அதற்கு மேலோ கூட்டித் தரும் கியர் அது. உங்கள் செங்குத்து ஏற்றத்தில் ஏறுவதைவிட இறங்கும்போது அதிகம் உதவும். 4எல், முதல் கியர், பிரேக்கைத் தொடாமல் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். வண்டியை முழுக்க நிறுத்திவிட்டு, மண் தரையில் 4எல் போட்டு ஓட்டிப் பாருங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தாலோ, செயின் தாண்டுவதுபோல 'டக் டக்' என்றாலோ டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிக்க வேண்டிய வேலை. அதற்கான உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். 20 வருடம் தாண்டிய வண்டியில் பாகத்தின் விலையைவிட பாகம் கிடைப்பதுதான் பெரிய பிரச்சினை.

இரண்டு டிஃபரன்ஷியலிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் கொஞ்சம் ஆயிலை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் மேலே ஒரு மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அது அடைத்துப்போனதையோ அறுந்து தொங்குவதையோ யாரும் கவனிப்பதில்லை. டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் கூழ் ஒட்டியிருப்பது சகஜம். விரலில் குத்தும் அளவு துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

அந்த இரண்டு புது டயர்கள்

இதை விலைக்குக் கூடுதல் அம்சமாகக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இது செலவுக் கணக்கு. முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு டயர் இருந்தால், 4எச்-ல் நேராகப் போகும்போதுகூட மேலே சொன்ன முறுக்கம் ஏறும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பது இந்த வண்டிக்கு அலங்காரம் இல்லை, அவசியம். நீங்கள் உணர்ந்த இறுக்கத்தில் ஒரு பங்கு இதனாலும் இருக்கலாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரித்தது. 10 வருடம் தாண்டிய டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான், ஸ்டெப்னி உட்பட. ஆகவே ஒரு முழு செட் டயர் விலையை மனதில் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கம்பெனி சொன்ன அளவே போதும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும், பிரேக்குக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் சுமை கூடும்.

இன்ஜின், குளிர்ந்த நிலையில்

ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பியது என்கிறீர்கள். நீங்கள் போவதற்கு முன் அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருந்தால்? அடுத்த முறை காலையில், நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் டீசல் இன்ஜின் உண்மை பேசும். விடாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்தால் இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வரக்கூடாது.

இன்ஜின் வேலை பார்த்ததாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள். பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினார்களா, சிலிண்டரைக் கடைந்து போர் செய்தார்களா, டீசல் பம்பும் நாசிலும் பார்த்தார்களா என்பது அதில்தான் இருக்கும். பில் இல்லாத இன்ஜின் வேலைக்கு விலையில் இடம் கொடுக்காதீர்கள். டைமிங் பெல்ட் ரகமாக இருந்து, எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் வேலையாக மாற்றுங்கள். ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி மொத்த இன்ஜினும் போகலாம். 1,38,000 என்ற ரீடிங்கைப் பொறுத்தவரை, பெடல் ரப்பரும் ஸ்டியரிங் வளையமும் அந்த எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பாருங்கள். 22 வருட வண்டியில் ரீடிங்குக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை.

எப்போதும் 4எச் என்ற உங்கள் திட்டம்

இதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். தாரில் 2எச், மண் பாதை தொடங்கியதும் 4எச், ஏற்ற இறக்கத்தில் 4எல். தாரில் தவறிப் போட்டு லிவர் திரும்ப வராமல் சிக்கினால் முரட்டுத்தனமாக இழுக்காமல் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கம் விட்டு வந்துவிடும். மழையில் தார் ரோட்டில் பாதுகாப்பு என்று எழுதியிருந்தீர்கள். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும்தான். இந்த வண்டியோ கனம் அதிகம், உயரமும் அதிகம், வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் வாய்ப்பு காரைவிடக் கூடுதல்.

அட்வான்ஸும் காகிதமும்

தெரிந்தவர் மூலம் வருகிற வண்டியில்தான் கேட்க வேண்டியதைக் கேட்கக் கூச்சப்படுவோம். சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பதிவுச் சான்றோடு நீங்களே ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் தடமோ புது வெல்டிங்கோ இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். இன்ஜின் மாற்றியிருந்தால் அது பதிவில் ஏறியிருக்க வேண்டும். வண்டிமேல் கடன் பாக்கி, அபராதம் இல்லை என்பதற்கு வாய்வார்த்தை போதாது. சில இடங்களில் பழைய டீசல் வண்டிகளுக்கு வயது வரம்பும் புகைக் கட்டுப்பாடும் இருக்கின்றன. பதிவை உங்கள் பெயருக்கு மாற்றவும் புதுப்பிக்கவும் முடியுமா என்பதைப் பணம் கைமாறும் முன்பே விசாரித்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால் சிறு தொகை, "பட்டறைச் சோதனையில் திருப்தி இல்லையென்றால் முழுதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியோடு எழுத்தில் வாங்குங்கள். தனிநபரிடம் இருந்த நிலையிலேயே வாங்கும் வண்டிக்கு, பின்னால் போய்க் கேட்கும் வழி பெரும்பாலும் மிகக் குறுகலானது. இன்னொரு பார்ட்டி வாங்கிக்கொண்டு போனால் போகட்டும்.

வாங்கிவிட்டால்

குறைவாக ஓட்டுவதால் சர்வீஸ் குறைவு என்பது தலைகீழ் கணக்கு. இந்த வயதில் வண்டியைக் கெடுப்பது கிலோமீட்டரைவிட காலமும் ஈரமும்தான். முதல் வாரத்திலேயே இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் என எல்லா ஆயிலையும், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள். கியர் பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயிலை ஊற்ற விடாதீர்கள். தயாரிப்பாளர் புத்தகத்தில் தனித்தனித் தரம் குறித்திருக்கும். டிஃபரன்ஷியலுக்கான சில ஆயில்கள் கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கும். வயதான பிரேக் ஹோஸ்களை நம்ப வேண்டாம், புதிது போடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிரீஸ் நிப்பிள்களுக்கு ஒவ்வொரு சர்வீஸிலும், ஆழமான தண்ணீரில் இறங்கிய பிறகும் கிரீஸ் அடியுங்கள். கோடையில் தேவைப்படாவிட்டாலும் மாதம் ஒருமுறை மண் தரையில் 4எச் போட்டு ஓட்டுங்கள், முன்பக்கச் சீல்கள் காய்ந்துபோகாது. மழைக்காலத்தில் அடியில் ஒட்டிய சேற்றை வாரம் ஒருமுறையாவது கழுவுங்கள். இதற்கெல்லாம் வாங்கிய விலையில் கால் பங்கையாவது தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் இந்த வண்டி உங்கள் கையைக் கடிக்கும்.

கடைசியாக உங்கள் மனைவியின் எதிர்ப்பு. அவர் சொல்வதை விவரம் தெரியாத பேச்சாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 4 கிலோமீட்டரில் உங்கள் கார் சறுக்குவது அந்த ஒரு ஏற்றத்தில்தான் என்றால், அங்கே தண்ணீர் பாதையில் ஓடாமல் ஓரமாக வடிய ஒரு வாய்க்கால் வெட்டி, ஜல்லி கொட்டி இறுக்கினால் என்ன ஆகும் என்று விசாரித்தீர்களா? பாதை பொதுவானது என்றால் பக்கத்து நிலத்துக்காரர்களும் பங்கு தரலாம். ஜல்லி லோடுக்கும் ஆள் கூலிக்கும் விலை கேட்டு, ஒரு செட் டயர், முதல் சர்வீஸ், வண்டி விலை மூன்றையும் கூட்டிப் பக்கத்தில் எழுதி, இருவரும் சேர்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வண்டிதான் என்றால், சனிக்கிழமை காலை ஒரு மெக்கானிக்கோடும் சுத்தியலோடும் போங்கள். அந்த மெக்கானிக் விற்பவர் சொன்ன ஆளாக இருக்கக் கூடாது.